வெட்டியது போகட்டும், ஒட்டியது எப்படி? டர்பன் வீட்டுத் திரைக்குச் சில நாவல் படங்கள்

ஒரு நாவல் படமாகி வந்ததும் வாசகர்கள் கையில் எடுப்பது ஒரு குறைப் பட்டியல்: அந்தக் காட்சி இல்லை, இந்தப் பாத்திரத்தைக் காணோம், முடிவை மாற்றிவிட்டார்கள். பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு படம் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு 120 பக்கம், அதிலும் பாதி வெற்றிடம். வெட்டுப்படாமல் எந்த நாவலும் அதற்குள் நுழையாது. வெட்டிய இரண்டு முனைகளைச் சேர்க்க இயக்குநர் எதைக் கொண்டுவந்து வைத்தார், அது நாவலோடு பொருந்துகிறதா, துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். படம் சொதப்புவது பெரும்பாலும் அந்த ஒட்டில்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பார்க்கத் தகுந்த சில படங்களை இந்த அளவுகோலால் எடைபோட்டிருக்கிறோம். சில இந்த மண்ணில் முளைத்த நாவல்கள், சில தமிழ் நாவல்கள். நம் வீடுகளில் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் ஆங்கில சப்டைட்டிலை நம்பி உட்காருகிறவர்கள். அந்தச் சிக்கலையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.

முதலில் நம் ஊர்க் கதை. 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' 1948இல் வெளிவந்தது. இக்சோப்போவிலிருந்து மலைக்குள் ஏறும் சாலை, ஏழு மைல் மேலே காரிஸ்புரூக், அதற்குக் கீழே மண் செத்துப்போன பள்ளத்தாக்கில் ந்டொட்ஷெனி கிராமம். ஜூலுப் பாதிரியார் ஸ்டீபன் குமாலோ மகனைத் தேடி ஜோகன்னஸ்பர்க் போகிறார். மகன் அப்சலோம் அங்கே ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். செத்தவர், குமாலோவின் ஊருக்கு மேலே மலையில் பண்ணை வைத்திருக்கும் ஜேம்ஸ் ஜார்விஸின் ஒரே மகன். நாவலாசிரியர் ஆலன் பேட்டன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1935 முதல் 1948 வரை டீப்க்ளூஃப் சீர்திருத்தப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்து மறுபடி சறுக்கி விழுகிற அப்சலோமை அவர் ஊகத்தில் எழுதவில்லை.

நாவல் மூன்று பாகம்: 17, 12, 7 என்று மொத்தம் 36 அதிகாரங்கள். இரண்டாம் பாகம் முதல் பாகத்தைப் போலவே அதே சாலையில், ஏறக்குறைய அதே வரிகளோடு மறுபடி தொடங்குகிறது. இந்த முறை சாலை குமாலோவின் பள்ளத்தாக்குக்கு இறங்காமல் ஜார்விஸின் பண்ணைக்குப் போகிறது. ஒரே மலையை மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் பார்க்கிறார்கள். நாவலின் முதுகெலும்பே இந்த அமைப்புதான். 1951இலும் 1995இலும் வந்த இரண்டு படங்களிலும் அது இல்லை. கதை நேர்கோட்டில் ஓடுகிறது. 17 அதிகாரம் குமாலோவோடு நடந்து, அவருடைய பயத்தில் முழுக்க ஊறிய பிறகுதான் புத்தகத்தில் ஜார்விஸின் வீட்டு வாசலுக்கு வருகிறோம். அந்தக் காத்திருப்பு படங்களில் கிடைப்பதில்லை.

1951 படத்தை இயக்கியவர் சோல்டான் கோர்டா. திரைக்கதையில் பேட்டனின் பெயரே இருக்கிறது. குமாலோவாக கானடா லீ, அவருக்குத் துணை நிற்கும் இளம் பாதிரியார் ம்சிமாங்குவாக சிட்னி பாய்ட்டியே. இருவரும் அமெரிக்கக் கறுப்பர்கள். அன்றைய நிறவெறிச் சட்டத்தின் கீழ் அவர்களைச் சாதாரண நடிகர்களாக உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கோர்டாவின் ஒப்பந்தக் கூலிகள் என்று பதிந்து அழைத்துவந்ததாகப் பாய்ட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தப் படத்தில் ஒட்டு என்று எதுவும் இல்லை. எல்லாம் நாவலின் சரக்கே. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். நாவலின் ஆங்கிலம் ஜூலுப் பேச்சின் நடையில் செதுக்கியது: நிதானம், மரியாதை, ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவது. தாளில் அது கம்பீரமாக இருக்கிறது. நடிகர் வாயில் வரும்போது வசனம் ஒப்பிப்பது போலாகிவிடுகிறது. எழுதியவரே திரைக்கதைக்கு உட்கார்ந்தால் தன் வாக்கியத்தின் மேல் கத்தி வைக்கக் கை வராது. ஆனாலும் கறுப்பு வெள்ளையில் அந்தக் குடிசைப் பகுதிகளும் செம்மண் தெருக்களும் காலத்தின் சாட்சியாகவே பதிந்திருக்கின்றன. கானடா லீ அடுத்த ஆண்டே இறந்துபோனார். இதுதான் அவருடைய கடைசிப் படம். படியில் ஏறும்போது மூச்சு வாங்குகிற அந்தக் கிழவரை அவர் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார்.

1995 படம் டாரல் ரூட் இயக்கியது. தயாரித்தவர் டர்பன்காரரான ஆனந்த் சிங். திரைக்கதை ரொனால்ட் ஹார்வுட். குமாலோ ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், ஜார்விஸ் ரிச்சர்ட் ஹாரிஸ். உட்கார்ந்து பார்க்க இதுதான் எளிது. குமாலோ ஜார்விஸிடம் உண்மையைச் சொல்லும் காட்சி ஒன்று போதும், படத்துக்குக் கொடுத்த நேரம் வீண்போகாது. புத்தகத்தில் அது 25ஆம் அதிகாரம். வேறொரு வேலையாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் குமாலோ, திறந்து நிற்பவர் யார் என்று கண்டதும் கால் நடுங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கைத்தடி கீழே விழுகிறது. என்ன ஏது என்று புரியாமல் ஜார்விஸ் முதலில் எரிச்சல் படுகிறார். இரண்டு கிழவர்களுக்கும் வாய் எழாத அந்த நேரத்தை ஜோன்ஸும் ஹாரிஸும் அவசரப்படாமல் கையாள்கிறார்கள். ஜோன்ஸின் குரல் உலகம் அறிந்த கணீர்க் குரல். அதை இங்கே அவர் தொண்டைக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறார்.

இந்தப் படத்தின் ஒட்டு, ஜான் பேரியின் இசை. நாவலில் கதைக்கு வெளியே நின்று ஊரே பேசுகிற அதிகாரங்கள் உண்டு: 9இல் குடிசை நகரம் ஒரே இரவில் முளைப்பது, 12இல் வெள்ளையர் வீடுகளின் பயம், 23இல் ஓடெண்டால்ஸ்ருஸ்டில் தங்கம் கிடைத்ததும் பங்குச் சந்தை துள்ளுவதைக் கேலி செய்வது. பெயரில்லாத குரல்கள் அவை. அந்தக் கூட்டுக் குரலை இரண்டு படமும் எட்டவில்லை. 1995 படம் அந்த இடைவெளியில் வயலின்களை நிரப்புகிறது. மலை தெரிந்தால் இசை பொங்கும், முகம் வாடினால் இசை குழையும். பேட்டனுக்குக் கோபம் உண்டு, நக்கல் உண்டு. இசை அந்த இரண்டையும் துடைத்துவிட்டுத் துக்கத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது. மூன்றாம் பாகத்தின் வறட்சி, பிள்ளைகளுக்குப் பால் அனுப்புவது, அணை கட்டுவது, விவசாயம் சொல்லிக்கொடுக்க வரும் இளைஞர், இதெல்லாம் ஓட்டமாகக் கடந்துபோகிறது. மன்னிப்புக்குப் பிறகு மண்ணை என்ன செய்வது என்று நாவல் கேட்கிறது. படத்துக்கு மன்னிப்பே போதுமாயிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்த நாவல் பள்ளிகளில் செட்வொர்க்காக, அதாவது பாட நாவலாக, வைக்கப்பட்ட ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிவிடலாம் என்று நினைக்கும் பிள்ளை கட்டாயம் மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன 9, 12, 23, அப்புறம் செத்துப்போன ஆர்தர் ஜார்விஸ் பாதியில் விட்ட கட்டுரைகள், பஸ் புறக்கணிப்பின்போது அலெக்சாண்ட்ரா என்ற கறுப்பர் குடியிருப்புக்குப் பதினொரு மைல் நடப்பவர்கள், இவற்றுக்குப் புத்தகத்தில் உள்ள கனம் படத்தில் இல்லை. அந்தக் கட்டுரைகளை மகனுடைய மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் ஜார்விஸ் மாறுகிறார். ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதைக் கேமரா எவ்வளவு நேரம் காட்ட முடியும்? அதனால் திரையில் அவர் சட்டென்று மாறிவிட்டது போலத் தெரிகிறது. படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்த பிறகு. 21ஆம் அதிகாரத்தில் ஆர்தரின் இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டத்தைச் சொல்லும் இடத்தையும் காட்டுங்கள். வெள்ளையரோடும் கறுப்பரோடும் இந்தியரும் ஒரே தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜார்விஸ் தம்பதி அப்படி உட்கார்வது அதுதான் முதல் தடவை. நாவலில் நம் ஆட்கள் வந்துபோகும் இடம் சொற்பம். அதனாலேயே அந்த வரி கண்ணில் நிற்கிறது.

'ட்சோட்சி'யில் ஒட்டு வேறு மாதிரி. அத்தோல் ஃபுகார்டு 1960 வாக்கில் எழுதி, 1980இல் அச்சான நாவல். கதை நடப்பது 1950களின் சோஃபியாடவுன் என்ற ஜோகன்னஸ்பர்க் கறுப்பர் குடியிருப்பில். 2005இல் கேவின் ஹூட் படமாக்கியபோது கதையை அப்படியே தூக்கி இன்றைய ஜோகன்னஸ்பர்க்கில் வைத்தார். 2006இல் வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. படமாக மட்டும் பார்த்தால் கச்சிதம். க்வைட்டோ என்ற டவுன்ஷிப் நடன இசையும் தெருப்பேச்சும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் காலத்தை மாற்றினால் காரணமும் மாறும். நாவலில் ட்சோட்சி என்ற அந்தத் தெரு ரவுடிப் பையனின் தாயை இரவில் பாஸ் (கறுப்பர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு) சோதனைக்கு வந்த போலீஸ் இழுத்துக்கொண்டு போகிறது. அவன் தெருவுக்கு வந்தது அன்றைக்குத்தான். படத்தில் தாய் நோயில் கிடந்து சாகிறாள். நாவலில் பயந்துபோன ஒரு பெண் குழந்தையைச் செருப்புப் பெட்டியில் வைத்து அவன் கையில் திணிக்கிறாள். படத்தில் பணக்காரக் கறுப்பர் வீட்டு வாசலில் காரைத் திருடும்போது பின் இருக்கையில் குழந்தை இருக்கிறது. நாவலின் முடிவில் புல்டோசர் இடிக்கும் சுவருக்கு அடியில் குழந்தையைக் காப்பாற்றப் பாய்ந்து சாகிறான். படத்தில் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிறான். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமே. சேர்த்துப் பார்த்தால் குற்றவாளிக் கூண்டிலிருந்து அரசாங்கம் இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் ஏழை பணக்காரன் ஏற்றத்தாழ்வு வந்து நிற்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு பிறந்த பிள்ளை பாஸ் சட்டம் என்ற ஒன்று இருந்ததையே அறியாமல் இந்தப் படத்தைப் பார்த்து முடிக்கலாம். டிவிடி கிடைத்தால் அதில் வேறு முடிவுகளும் உண்டு. அவற்றையும் பாருங்கள், எந்த முடிவென்று தீர்மானிக்க அவர்கள் பட்ட பாடு தெரியும். கத்திக்குத்து, அடிதடி உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

'எ டிரை ஒயிட் சீசன்' (ஆந்த்ரே பிரிங்க், 1979) 1989இல் படமானது. மார்லன் பிராண்டோ வரும் நீதிமன்றக் காட்சிக்காகவே பலரும் பார்ப்பார்கள். போலீஸ் காவலில் நடந்த சாவுக்கு நாவலின் கடைசியில் நீதி கிடைக்காது. படத்திலோ போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டுக் கணக்குத் தீர்கிறது. அதுதான் இருப்பதிலேயே மலிவான ஒட்டு. 'டிஸ்கிரேஸ்' (நாவல் 1999, படம் 2008) குடும்பத்தோடு பார்க்கும் படம் அல்ல. பாலியல் வன்முறைதான் கதையின் மையம். நாவல் கதாநாயகர் ஒரு நாயைக் கைவிடுவதோடு முடியும், படம் அவருடைய மகளின் பண்ணையில் முடியும். கடைசி இரண்டு காட்சிகளை இடம் மாற்றிப் போட்டதால் மட்டுமே நம்பிக்கை ஒரு படி கூடிவிடுகிறது. வெட்டாமல், ஒட்டாமல், வரிசையை மாற்றியே ஒரு நாவலின் அர்த்தத்தைத் திருப்பலாம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

இனி எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம்: பொன்னியின் செல்வன் தேறியதா? முதல் படம் தேறியது. இரண்டாவது பாதியில் தேறி, கடைசியில் சறுக்கியது. காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம். கல்கி 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை தொடராக எழுதிய நாவல்: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91, ஆக 293 அதிகாரங்கள். 2022 செப்டம்பர் 30இல் வந்த முதல் படம் 167 நிமிடம். கடலில் புயல் வரையிலான முதல் இரண்டு பாகத்தைச் சொல்கிறது. 110 அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்றரை நிமிடம். 2023 ஏப்ரல் 28இல் வந்த இரண்டாம் படம் 164 நிமிடம். மிச்சம் மூன்று பாகத்தையும் சுமக்கிறது. 183 அதிகாரம், ஒன்றுக்கு 54 விநாடி. மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? மூன்று படமாக எடுத்திருந்தால் இந்த நெரிசல் வந்திருக்காது.

நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையோடு தொடங்குகிறது. மணிரத்னம் அதற்கு முன்னால் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தை வைத்தார். நாவலில் இல்லாத காட்சி, ஆனால் நல்ல ஒட்டு. புத்தகத்தில் கரிகாலனைப் பற்றிப் பிறர் பேசிப் பேசித்தான் அவன் வளர்கிறான். ஆள் வர நேரமாகும். படத்துக்கு அந்த அவகாசம் இல்லை, முதல் காட்சியிலேயே விக்ரமின் வெறி பிடித்த கண்களைக் காட்டியாக வேண்டும். இரண்டாம் படத்தின் தொடக்கமும் அப்படித்தான்: சிறுவன் கரிகாலனும் சிறுமி நந்தினியும், அதிகம் பேச்சில்லாமல். நாவலில் உரையாடல்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரியவரும் முன்கதையைப் படம் ஒரே வீச்சில் கண்முன் கொண்டுவருகிறது. இரண்டு படத்திலும் இதுவே ஆகச் சிறந்த பகுதி என்று தயங்காமல் சொல்லலாம். கடம்பூர் மாளிகையின் குரவைக் கூத்து தேவராளன் ஆட்டமாக மாறி, அதை ஒட்டியே நடுநிசிச் சதி விரிவதும் கல்கி போட்ட முடிச்சைக் கெடுக்காத வேலை. ஜெயமோகனின் வசனம் அரண்மனைத் தமிழையும் தெருத் தமிழையும் தவிர்த்து நடுவாக நிற்கிறது. ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் அதில் நன்றாகவே விளையாடுகிறார்.

சறுக்கல் எங்கே? மணிமேகலை இல்லை. சம்புவரையர் மகள், வந்தியத்தேவன் மேல் ஆசை வைத்து, அவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தானே சுமக்கத் துணிந்து, கடைசியில் சித்தம் கலங்கி அவன் மடியில் உயிர் விடும் பெண். அவளைத் தூக்கியதில் கூடத் தப்பில்லை. ஆனால் நாவலின் கடைசி அடி அவள்தான், அந்த இடத்தில் படம் வைத்தது ஒரு பெரிய போர். இராட்டிரகூடர், பார்த்திபேந்திரன், யானை, குதிரை, தூசி. கல்கி இந்த நாவலில் போரை வேண்டுமென்றே தள்ளி வைத்தவர். ஓலை, ஒற்று, சுரங்கப்பாதை, மாறுவேடம் இவற்றால் ஓடும் கதை அது. கடைசி நேரத்தில் போரைக் கொண்டுவந்து ஒட்டியதும் அது எந்தச் சரித்திரப் படத்தின் முடிவாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

சேந்தன் அமுதன் விஷயம் அதைவிடப் பெரியது. நாவலில் பூக்கட்டும் அந்தச் சிவபக்தனே கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மை மதுராந்தகன். அவன் தலையில்தான் அருள்மொழி மகுடத்தைச் சூட்டுகிறான். 'தியாகச் சிகரம்' என்ற பெயருக்கே அந்தத் திருப்பம்தான் பொருள் தருகிறது. படத்தில் அதுவரை அரியணைக்குச் சதி செய்த அதே மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது. அருள்மொழி ஏன் கொடுத்தான் என்று பார்க்கிறவருக்குப் புரிவதில்லை. பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கரிகாலன் சாவிலும் அப்படி. கொன்றது யார் என்பதைக் கல்கி பல கைகளுக்கு நடுவே இருட்டில் விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று சொன்னாலும் நாவல் கடைசிவரை ஒரே விடைக்குள் அடங்கவில்லை. படம் அந்த அறைக்குள், கரிகாலன் நந்தினி இருவருக்குள்ளேயே விஷயத்தை முடித்துவிடுகிறது. காதல் கதையாகப் பார்த்தால் அது பொருந்துகிறது, துப்பறியும் கதையாகப் பார்த்தால் ஏமாற்றம். நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் ஐஸ்வர்யா ராய் இருக்கிற காட்சிகளில் மட்டும் இந்த ஏமாற்றம் மறந்துபோகிறது.

சப்டைட்டிலோடு பார்க்கிறவர்கள் படும் பாடு தனி. இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்து, விநாடிக்கு 15 முதல் 20 எழுத்துக்குள் கண் ஓட வேண்டும் என்பது சப்டைட்டில் தொழிலின் பொதுவான வரம்பு. 'பெரிய பழுவேட்டரையர்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் இடைவெளியோடு 23 எழுத்து. பெயரே அரை வரியைத் தின்றுவிட்டால் அவர் என்ன செய்தார் என்பதற்கு மிச்சம் எவ்வளவு? பெயர்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அருள்மொழியும் பொன்னியின் செல்வனும் ஒரே ஆள். பழுவேட்டரையர் இரண்டு பேர். நந்தினி சாயலில் இன்னொருத்தி. படம் போடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள்: சுந்தர சோழர் வீடு, பழுவூர் வீடு, பாண்டியன் ஆட்கள். நந்தினியின் பெயரைப் பழுவூர்க் கட்டத்துக்கும் பாண்டியன் கட்டத்துக்கும் நடுவில் கோட்டின் மேல் எழுதுங்கள். இது இருந்தாலே இடைவேளையில் வரும் கேள்வி பாதியாகக் குறையும். தமிழ்ப் பாடசாலையில் திரையிடுகிறவர்கள் முதல் 12 அதிகாரங்களை, அதாவது 'ஆடித்திருநாள்' தொடங்கி 'நந்தினி' வரை, முன்கூட்டியே உரக்கப் படித்துக் காட்டலாம். வேண்டிய ஆட்களில் பெரும்பாலோர் அதற்குள் வந்துவிடுவார்கள்.

மற்ற தமிழ்ப் படங்களில் மூன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் பீம்சிங் இயக்கத்தில் வந்தது. பேட்டனைப் போலவே ஜெயகாந்தனும் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். பேட்டன் தடுக்கிய இடத்தில் இவர் தடுக்கவில்லை. காரணம் எளிது: நாவலே பேச்சால் ஆனது. கங்கா தனக்குள் பேசுகிறாள், பிரபுவோடு பேசுகிறாள், அம்மாவோடு பேசாமல் பேசுகிறாள். கங்காவாக நடித்த லட்சுமிக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. நாகேஷ் எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக வருகிறார், சிரிக்க வைக்காமல். வீட்டுக்கூடத்தில் பார்க்க ஏற்றது. மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

'உதிரிப்பூக்கள்' (1979) எதிர்த் துருவம். மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்ற சிறிய கதையிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு தன் படத்தைத் தானே கட்டினார். நாவலுக்கு விசுவாசம் என்று பார்த்தால் மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் இந்த மதிப்பீட்டில் சொன்ன எல்லாப் படங்களிலும் முதலிடம் இதற்குத்தான். மூலம் சிறியது என்பதால் வெட்டவே வேண்டியிருக்கவில்லை. சேர்த்ததெல்லாம் ஒரே கையிலிருந்து வந்தது.

'பரதேசி' (2013) டர்பன் பக்கத்து நேட்டால் தமிழர்கள் தவறவிடக் கூடாத படம், குறைகளோடு சேர்த்து. பி.எச். டேனியல் என்ற தோட்ட மருத்துவர் 1969இல் எழுதிய 'ரெட் டீ', தமிழில் 'எரியும் பனிக்காடு'. முன்பணம் கொடுத்துக் கங்காணி ஆள் பிடிப்பது, மலையேறும் வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு நடப்பது, ஆண்டுக் கடைசிக் கணக்கில் கூலியைவிடக் கடன் பெரிதாக இருப்பது: கரும்புத் தோட்டத்து சர்தார் (மேஸ்திரி) கதைகளைக் கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு இது ஒவ்வொன்றும் சொந்தக் கதை. இயக்குநர் பாலா உடம்பின் வலியைக் காட்டுவதில் குறை வைக்கவில்லை. ஆனால் நாவல் மருத்துவர் ஒருவரின் கண்ணால் கணக்கையும் நோயையும் நிதானமாக அடுக்குகிறது. படமோ கிறித்தவ மருத்துவரைக் கேலிப் பாத்திரமாக்கி ஒரு ஆட்டப் பாட்டை ஒட்டியிருக்கிறது. அந்த நாவலை எழுதியவரே அப்படி ஒரு மருத்துவர். பாட்டு வரும்போது எழுந்து தேநீர் போடப் போகலாம்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: பொன்னியின் செல்வன் இரண்டு படங்களும் பிரைம் வீடியோவில் வந்தவை. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. மதுரைத் திட்டம் இணையத்தில் ஐந்து பாகமும் இலவசமாக இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க டேப்லெட் வசதி. அச்சுப் புத்தகம் வாங்குகிறவர்கள் ஐந்து பாகமும் தனித்தனியாகக் கட்டிய பதிப்பையே கேளுங்கள், ஒரே கட்டாக வருவது படுத்துக்கொண்டு படிக்கும் கனமில்லை. 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' பழைய புத்தகக் கடையிலும் நூலகத்திலும் சுலபமாகக் கிடைக்கும். 1951 படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதை இரண்டாவதாக, 1995க்குப் பிறகு பாருங்கள், வேகக் குறைவு அப்போது உறுத்தாது. கல்கிக்கு நாளொன்றுக்கு இரண்டு அதிகாரம் என்று வைத்தால் 147 நாள். ஆடிப்பெருக்கன்று தொடங்கினால் தைப்பூசக் காவடிக்கு முன்னாலேயே மணிமேகலையை எட்டிவிடலாம்.